குப்பைத் தொட்டிக்குப் போகிற ஓட்டுச்சீட்டு

அன்புள்ள டெக்சஸ் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். லியாண்டர், சீடர் பார்க், பாஸ்ட்ராப் பக்கம், வடக்கே பிராஸ்பர், செலைனா என்று, உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் மின் கூட்டுறவுகளின் கம்பி வரும் தெருக்களில் வீடு வாங்கி வசிக்கும் நம் எல்லோருக்கும் இந்த மடல். நானும் உங்களில் ஒருத்தி. எங்கள் கூட்டுறவின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வருவது எந்த ஒரு கூட்டுறவைப் பற்றியும் இல்லை, நம்மைப் பற்றி.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும்: "கரண்ட்டுக்கு எந்த பிளான் எடுத்திருக்கீங்க?" பிளேனோவில் இருப்பவர் ஒரு கம்பெனியைச் சொல்வார், ரவுண்ட் ராக்கில் இருப்பவர் இன்னொன்றைச் சொல்வார். நாம் மட்டும், "எங்களுக்கு அதெல்லாம் கிடையாது, இங்க கோ-ஆப்" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். "அச்சச்சோ, சாய்ஸே இல்லையா?" என்று யாராவது பரிதாபப்படுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

உண்மைதான். 2002-ல் டெக்சஸ் சில்லறை மின்சந்தையைத் திறந்துவிட்டபோது, அதில் சேர்வதா வேண்டாமா என்ற முடிவைக் கூட்டுறவுகளிடமும் நகராட்சி மின்விநியோக அமைப்புகளிடமுமே சட்டம் விட்டுவிட்டது. கிட்டத்தட்ட எல்லாமே வெளியே நின்றுகொண்டன. அதனால் நம் வீட்டுக்குக் கரண்ட் விற்கும் கம்பெனியை நாம் மாற்ற முடியாது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஆன்கோர் மாதிரி ஒரு தனியார் நிறுவனம் கம்பிக் கட்டணத்தை ஏற்ற வேண்டுமென்றால் ஆஸ்டினில் இருக்கும் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடம் போய் வரவு செலவைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கூட்டுறவுக்கு அந்த அலைச்சல் இல்லை. நம் கட்டணத்தைக் கூட்டுறவின் இயக்குநர் குழுவே நிர்ணயிக்கிறது. அவர்களிடம் "ஏன் ஏற்றினீர்கள்?" என்று கேட்கும் வேலையைச் சட்டம் உறுப்பினர்களிடம் கொடுத்திருக்கிறது. மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உறுப்பினர். அதாவது நாம்தான்.

நாம் அந்த வேலையைச் செய்வதே இல்லை. எங்கள் வீட்டிலும் ஆறு வருஷம் செய்யவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை கூட்டுறவிலிருந்து ஒரு தடித்த உறை வரும். உள்ளே இயக்குநர் தேர்தலுக்கான ஓட்டுச்சீட்டு, போட்டியிடுபவர்களின் படம், ஆளுக்கு ஒரு பத்தி அறிமுகம், திருப்பி அனுப்ப ஓர் உறை. என் கணவர் தபால் பெட்டியிலிருந்து எடுத்துவரும்போதே பீட்சா கூப்பன், கூரை மாற்றித் தருகிறோம் என்ற விளம்பரம் இவற்றோடு சேர்த்து அதையும் கேரேஜில் இருக்கும் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிடுவார். அதில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்டதில்லை. ஏழாவது வருஷம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது அந்த உறை என் கையில் கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். "உறுப்பினரே, உங்கள் வாக்கு" என்று தொடங்கியது. அடுப்படியில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

அப்போது நாங்கள் எச்-1பி, எச்-4 விசாவில் இருந்தோம். கிரீன் கார்டு வரிசையில் பத்தாவது வருஷம். இந்த நாட்டில் ஒரு பள்ளி வாரியத் தேர்தலில்கூட எங்களுக்கு ஓட்டில்லை. ஊரில் ஓட்டுப் போட வேண்டுமென்றால் அன்றைக்கு நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும். விமான டிக்கெட் விலைக்கு அது நடக்கிற காரியமா? அப்படி இரண்டு பக்கமும் ஓட்டில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தவளிடம், பாஸ்போர்ட் கேட்காமல், விசா கேட்காமல், கரண்ட் பில் கட்டுகிறாய் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சீட்டு வந்திருக்கிறது. ஐயாயிரம் சதுர அடி வீட்டுக்காரருக்கும் ஒரே ஓட்டு, டிரெய்லரில் தனியாக வசிக்கும் பாட்டிக்கும் ஒரே ஓட்டு. இப்படி ஒன்றை ஆறு வருஷம் பீட்சா கூப்பனோடு தூக்கிப் போட்டிருக்கிறோமே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

எனக்கு உடனே அப்பா நினைவுக்கு வந்தார். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவர் உறுப்பினர். பயிர்க்கடன், யூரியா, அவசரத்துக்கு நகைக்கடன் எல்லாம் அங்கேதான். பேரவைக் கூட்டம் என்றால் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போவார். முந்தின நாள் ராத்திரியே ஆண்டறிக்கைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கோடு போடுவார். "இந்தப் பராமரிப்புச் செலவு போன வருஷம் இவ்ளோ இல்லையே" என்று முணுமுணுப்பார். மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று அதையே கேட்பார். செயலாளர் பதில் சொல்வார், சில சமயம் மழுப்புவார். ஆனால் கணக்கைப் பார்த்துக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாம் இங்கே நாள் முழுக்க எக்செல்லோடு வாழ்கிறவர்கள்.

கூட்டுறவு என்பது நமக்குப் புதுசும் இல்லை. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நம் ஊரில் டியுசிஎஸ் என்று சொல்கிறோமே, அது அந்த முறையைப் பின்பற்றித்தான் தொடங்கியது. இன்று நம் மின் கூட்டுறவுகள் கடைப்பிடிப்பதாகச் சொல்லும் ஏழு கொள்கைகளும் அதே ராச்டேல் வழியில் வந்தவை. அதில் ஐந்தாவது, உறுப்பினர்களுக்குக் கல்வியும் பயிற்சியும் தகவலும் தருவது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. சுற்றி இருந்த நிலமெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது, அந்த ஒரு வீடு மட்டும் மிச்சம். அங்கிருக்கும் பெரியவரை எங்கள் பிள்ளைகள் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய அப்பா உறுப்பினராகச் சேர ஐந்து டாலர் கட்டினாராம். அந்தக் காலத்தில் ஐந்து டாலர் என்பது பருத்தி எடுக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டினால் கரண்ட் வருமா என்பதுகூட அப்போது யாருக்கும் நிச்சயமில்லை.

1935-ல் டெக்சஸ் பண்ணைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றில்தான் மின்சாரம் இருந்தது. ஒரு மைலுக்குக் கம்பி இழுக்க 2,000 டாலர் வரை ஆகும், அந்த ஒரு மைலில் மூன்று வீடுகூட இருக்காது, எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று தனியார் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. அந்த வருஷம் மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கிராமப்புற மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். மறுவருஷம் அதற்குச் சட்டமும் வந்தது. அரசு கம்பி இழுத்துத் தரவில்லை. குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது, அவ்வளவுதான். சங்கம் சேர்ப்பது, வீடு வீடாகப் போய் ஐந்தைந்து டாலராக வாங்குவது, கம்பம் நட இடம் எழுதி வாங்குவது எல்லாம் அந்த விவசாயிகள் செய்தது. ஆஸ்டினிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பார்ட்லெட் என்ற சின்ன ஊர் இருக்கிறது. 1936 மார்ச்சில் அங்கேதான் டெக்சஸில் இந்தத் திட்டத்தின் முதல் கம்பியில் மின்சாரம் பாய்ந்தது. மேற்கே ஹில் கன்ட்ரியில் வீடுகள் அதைவிடத் தள்ளித் தள்ளி இருந்ததால் கடன் விதிக்குள் வரவில்லை. அப்போது இளம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சன் ரூஸ்வெல்ட்டிடமே போய்ப் பேசித்தான் 1938-ல் பெடர்னலெஸ் மின் கூட்டுறவுக்குக் கடன் வாங்கித் தந்தார்.

பெரியவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்று. கரண்ட் வந்த அன்று அவருடைய அம்மா விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதைவிட, கிணற்றில் மோட்டார் ஓடியதைப் பார்த்துத்தான் அழுதாராம். அதுவரை துணி துவைக்கும் நாளில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தவர் அவர்.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன்.

2021 பிப்ரவரி 15-ம் தேதி பின்னிரவு, பனிப்புயல் அடித்த அந்த இரவு, நம் யாருக்கும் மறக்காது. மாநிலத்தின் மின்கட்டமைப்பை நடத்தும் எர்காட் கட்டாய மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மேல் இருண்டன. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அப்படியே போயிருந்தால் மொத்த மின்கட்டமைப்பும் விழுந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். 246 பேர் இறந்ததாக மாநில அரசே கணக்குக் கொடுத்தது. எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒரே கட்டிலில், ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளம் வரை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு கிடந்தோம். கழிப்பறைக்கு பனிக்கட்டியைப் பாத்திரத்தில் அள்ளிவந்து உருக்கினோம். கூட்டுறவிலிருந்து வந்த மெசேஜ், சுழற்சி முறையில் மின்வெட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் 30 முதல் 45 நிமிடம் என்றது. எங்களுக்குக் கரண்ட் 31 மணி நேரம் வரவில்லை. அந்த மெசேஜை நம்பி முதல் நாள் ராத்திரி போன் சார்ஜையும் காரில் பெட்ரோலையும் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டோம்.

மறுநாள் பெரியவர் வாசலில் வந்து நின்று கேட்டார்: "உங்க டைரக்டருக்கு போன் பண்ணினீங்களா?" எங்களுக்கு டைரக்டர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. கூட்டுறவின் மாதப் பத்திரிகையில் பெயரும் நம்பரும் இருக்கிறது என்றார். அவர் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார். வெட்ட வேண்டிய அளவு அவ்வளவு பெரியது, மாநிலம் முழுக்க 20,000 மெகாவாட். ஆஸ்பத்திரி, தண்ணீர் நிலையம் இருக்கும் ஃபீடர்களை, அதாவது அந்தப் பகுதிகளுக்குப் போகும் மின்கம்பிகளை, தொடக் கூடாது. மிச்சமிருப்பதை எல்லாம் அணைத்த பிறகு சுழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் அணைந்த தெரு அணைந்தே கிடந்தது. இதை அந்த டைரக்டர் அவருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கியிருக்கிறார். அதே விளக்கத்தை மூன்று வரி மெசேஜாக எல்லோருக்கும் அனுப்பியிருந்தால், கைக்குழந்தை இருந்த வீடுகள் அன்று ராத்திரியே கரண்ட் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐந்தாவது கொள்கை எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அந்தக் குளிரில்தான்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பெரிய விஷயம், ஆனால் நம்மில் பலர் கவனிக்கவே இல்லை. புயலின்போது மொத்த விற்பனைச் சந்தையில் விலை ஒரு மெகாவாட்-மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பில் நாட்கணக்கில் நின்றது. நம் பாஷையில் சொன்னால் ஒரு யூனிட் 9 டாலர். வடக்கே டென்டன், காலின் பக்கம் இருக்கும் கோசர்வ் உட்பட 16 கூட்டுறவுகளுக்கு மின்சாரம் வாங்கித் தந்துகொண்டிருந்தது பிராசோஸ் என்ற பெரிய கூட்டுறவு. அந்த ஒரு வாரத்துக்கு அதற்கு வந்த பில் 200 கோடி டாலருக்கு மேல். முந்தைய ஆண்டு முழுவதற்குமே அதன் மின்செலவு 80 கோடி டாலரைத் தொடவில்லை. மார்ச் 1-ம் தேதி திவால் மனு போட்டார்கள். 2022 நவம்பரில் நீதிமன்றம் மீட்புத் திட்டத்தை ஏற்றது. பிராசோஸ் தன் மின்நிலையங்களை விற்றுவிட்டு, மின் உற்பத்தியையே விட வேண்டியதாயிற்று. அந்தக் கடன் எப்படி அடைகிறது என்று நினைக்கிறீர்கள்? உறுப்பினர்களின் பில்லில்தான், வருஷக்கணக்கில். நம் பில்லில் "பவர் காஸ்ட்" என்று ஒரு வரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்குமே, மின்சாரம் வாங்குகிற செலவெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அந்த வரி ஏன் மாறுகிறது என்று கடைசியாக எப்போது கேட்டோம்?

யாரும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாநிலத்திலேயே கதை இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே பெடர்னலெஸ், ஜான்சன் கடன் வாங்கித் தந்த கூட்டுறவு, நாட்டிலேயே மிகப் பெரிய மின் விநியோகக் கூட்டுறவாக வளர்ந்தது. உறுப்பினர்கள் சீட்டைத் திருப்பி அனுப்பவே இல்லை, அல்லது பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார்கள். அந்த வாக்கெல்லாம் இருக்கிற இயக்குநர்கள் கைக்கே போனது. வருஷக்கணக்கில் அதே ஆட்கள், மூடிய கதவுக்குள் கூட்டம். 2007-ல் சில உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். செலவுக் கணக்குகள் பத்திரிகைகளில் வந்தன. 2008-ல் விஷயம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. 2010-ல் முன்னாள் பொது மேலாளரைக் கூட்டுறவின் பணத்தைத் திருடிய குற்றத்துக்காக ஜூரி குற்றவாளி என்றது. நான் இதைச் சொல்வது அந்தக் கூட்டுறவைக் குறை சொல்ல இல்லை. அதன் பிறகு அங்கே நடந்ததுதான் எனக்கு முக்கியம். போட்டித் தேர்தல் வந்தது, கூட்டங்களை உறுப்பினர்களுக்குத் திறந்துவிட்டார்கள், ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வந்தது. கேள்வி கேட்டது சாதாரண உறுப்பினர்கள்தான், பென்ஷன் வாங்கும் வயதில் இருந்தவர்களும் அதில் உண்டு.

சோலார் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரையிலிருந்து நாம் திருப்பி அனுப்பும் யூனிட்டுக்கு என்ன விலை என்பதும் கூட்டுறவு இயக்குநர்கள் எடுக்கும் முடிவுதான். விற்க வருபவர் வாசலில் நின்று சொல்வது இன்றைய விலை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதை நம்பி இருபது வருஷக் கடன் எடுத்தது. இரண்டாவது வருஷம் இயக்குநர் குழு விலையை மாற்றியது. மாற்றப் போவதாக நிகழ்ச்சி நிரலில் ஒரு மாதம் முன்பே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்திருந்தால் ஒரு மெயிலாவது எழுதியிருக்கலாம்.

இன்னொன்று, இது நேரடியாக உங்கள் பணம். கூட்டுறவு லாபத்துக்கு நடப்பதில்லை என்பதால் செலவு போக மிஞ்சுவதை, நீங்கள் எவ்வளவு கரண்ட் பயன்படுத்தினீர்களோ அந்த அளவுக்கு உங்கள் பெயரில் எழுதிவைப்பார்கள். கேபிடல் கிரெடிட் என்று பெயர். அதை உடனே தர மாட்டார்கள், கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் என்று முதலீடாகப் பயன்படுத்திவிட்டுப் பல வருஷம் கழித்துத் திருப்பித் தருவார்கள். பல இடங்களில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல்கூட ஆகும். நம் ஆட்களோ வேலை மாறி, வீட்டை விற்று, கலிபோர்னியாவுக்கோ ஊருக்கோ போய்விடுகிறோம். காசோலை பழைய விலாசத்துக்கு வந்து திரும்பிப் போய்விடும். கேட்பாரற்ற தொகையைக் கல்வி உதவித்தொகை மாதிரி காரியங்களுக்குப் பயன்படுத்த டெக்சஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது. நல்ல காரியம்தான். இருந்தாலும் அது நீங்கள் தெரிந்து கொடுத்ததாக இருக்கட்டுமே. வீடு மாறும்போது கேபிள், தண்ணீர் எல்லாம் நிறுத்துகிறோம் இல்லையா, அப்போது கூட்டுறவுக்குப் புது விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. பில்லை ஆட்டோ-பேயில் போட்டுவிட்டு மறந்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். மாதப் பத்திரிகை வந்தால் நடுவில் நம் கூட்டுறவுக்கென்று இருக்கும் பக்கங்களை மட்டுமாவது புரட்டுங்கள். டைரக்டர் பெயரைப் போனில் சேமித்து வையுங்கள். மீட்டர் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் கூட்டு உறுப்பினராக மனைவி பெயரையும் சேர்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், ஆனால் யார் போடுவது என்பதில் இருவருக்கும் சமப் பங்கு இருக்கும். விசாவில் வந்து வீட்டிலிருக்கும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். வேலை பார்க்க அனுமதி இல்லாத வருஷங்களில் என் பெயர் அச்சடித்து வந்த ஒரே அதிகாரபூர்வக் காகிதம் அந்த ஓட்டுச்சீட்டுதான்.

"நமக்கு எதுக்கு இந்த அரசியல், யாராவது தப்பா எடுத்துக்குவாங்க" என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கும் முதலில் அந்தப் பயம் இருந்தது. போன வருஷம் பேரவைக் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூட உணவறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆயிரக்கணக்கான மீட்டர்கள் இருக்கும் கூட்டுறவு, வந்திருந்தவர்கள் ஓர் உணவறைகூட நிறையவில்லை. என் நிறத்தில் வேறு யாரும் இல்லை. கேள்வி நேரத்தில் கை தூக்கினேன், குரல் நடுங்கியது. மின்வெட்டு மெசேஜில் உண்மையான நேரம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், 30 நிமிடம் என்று எழுதாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு எனக்கு முன் வரிசையில் தொப்பி போட்டிருந்த ஒருவர் கை தட்டினார், அப்புறம் நிறையப் பேர் தட்டினார்கள். பொது மேலாளர் எழுதிக்கொண்டார். இந்த வருஷம் மே மாத இடிமழையில் கரண்ட் போனபோது வந்த மெசேஜ் இப்படி இருந்தது: "கம்பம் விழுந்திருக்கிறது. சரிசெய்ய எவ்வளவு நேரமாகும் என்று இன்னும் தெரியவில்லை. மருத்துவக் கருவி பயன்படுத்துபவர்கள் இன்றிரவுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளவும்." அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "நல்ல கேள்வி கேட்டிருக்கே" என்று பதில் போட்டார்.

இந்த வருஷத் தேர்தல் உறை வரும்போது தொட்டிக்குப் போகாமல் சாப்பாட்டு மேசைக்கு வரட்டும். பேரவைக் கூட்டத்துக்கு எங்கள் வண்டியில் நான்கு இடம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் வருவதென்றால் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம், இட்லி கட்டி எடுத்துவருகிறேன். பெரியவரும் நம்மோடுதான் வருகிறார்.

அன்புடன்,
உங்களில் ஓர் உறுப்பினர்